‘காரணம்’ என்ற கட்டம்

உமித் தன் மனைவியின் காதோடு கேட்ட கேள்விக்கு, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் அம்மா பதில் சொன்னாள்.

"சந்தைக்குப் போலாமா? நாம ரெண்டு பேர் மட்டும்?" என்றுதான் கேட்டிருந்தான்.

"தாராளமா போங்கடா. வர்றப்ப ரெண்டு கிலோ மஞ்சள் கேரட் வாங்கிட்டு வா!" என்றது சுவர்.

மெத்தைகளை மடித்துக்கொண்டிருந்த மனைவி மஹ்லியோ, கையிலிருந்ததைப் பொத்தென்று கீழே போட்டாள்.

கல்யாணமாகி மூன்று மாதம். சமர்கந்தில் கடைசி மகன்தான் பெற்றோரோடு இருக்க வேண்டும். உமித்தின் அண்ணன்கள் மூவரும் ஆளுக்கொரு அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டார்கள். கடைசியான உமித்துக்குக் கிடைத்தது முற்றம், மாதுளை மரம், அப்பா தோஹிர், அம்மா ஸபோஹத், பிறகு இந்த ஒட்டுப்பலகைச் சுவர்.

மஹ்லியோ அவனைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்தில்தான் அந்த வீட்டில் ரகசியம் பேச முடியும்.

"மார்ச்சுல நவ்ரூஸ் பண்டிகை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள நாம மனசு விட்டுப் பேச ஒரு வழி பண்ணுங்க. இல்லேன்னா புகாராவுக்கு, எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

"போன்ல மெசேஜ் அனுப்பிக்கலாமே?"

"எதிர்ல உக்காந்திருக்கிற புருஷனுக்கு மெசேஜா? உங்களுக்கே நல்லா இருக்கா?"

"குழாயை மூடும்மா மருமகளே, தொட்டி காலியாகுது!" என்று முற்றத்திலிருந்து தோஹிர் கத்தினார்.

அன்று சந்தையில் கேரட் வாங்கும்போதுதான் உமித்துக்கு அந்த யோசனை வந்தது. உஸ்பெக், தாஜிக், ரஷ்யன் மூன்றும் அவர்கள் வீட்டுப் பூனைக்குக்கூடப் புரியும். யாருக்கும் தெரியாத நாலாவது மொழி ஒன்றைக் கற்றுக்கொண்டால்? சாப்பாட்டு விரிப்பில் எல்லோர் நடுவிலும் உட்கார்ந்து சத்தமாகவே கொஞ்சலாமே!

மொழிப் பயிற்சி மையத்தில் லோலா என்ற பெண் விண்ணப்பத்தை நீட்டினாள். பெயர், வயது, மொழி. கடைசியில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம்.

"வேலைக்கா, படிப்புக்கா, வெளிநாடு போறதுக்கா?" என்றாள் லோலா.

உமித் தனக்கும் மஹ்லியோவுக்கும் சேர்த்து ‘வியாபாரம்’ என்று எழுதினான். அவன் மருந்துக் கடையில் சம்பளத்துக்கு இருப்பவன்.

மொழி, துருக்கி. "சீக்கிரம் வந்துடும், நம்ம பாஷை மாதிரியே இருக்கும்" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னான். நம்ம பாஷை மாதிரி இருந்தால் நம்ம அம்மாவுக்கும் புரியும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து, மஹ்லியோ அவன் கிண்ணத்தில் தேநீர் ஊற்றியபடி துருக்கி மொழியில் சொன்னாள்: "இந்தச் சட்டையில ரொம்ப அழகா இருக்கீங்க."

"என் பையன் எந்தச் சட்டையிலயும் அழகுதான்!" என்றாள் ஸபோஹத்.

மஹ்லியோவின் முகம் மாதுளையாகச் சிவந்தது.

"உங்க அம்மா பத்து வருஷமா துருக்கி சீரியல் பாக்கறா. அவகிட்டயேவா?" என்று தோஹிர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று அக்கறையாக, "அதுக்காகப் படிப்பை விட்டுடாதீங்க. வேற மொழி பாருங்க. வாரம் மூணு நாள் வகுப்புதானே? நாலு நாள் வைக்க மாட்டாங்களா?" என்றார்.

அடுத்தது ஜெர்மன். காரணக் கட்டத்தில் உமித் ‘இலக்கியம்’ என்று எழுதினான். லோலா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

தொண்டை வறண்டு, நாக்கு சுளுக்கி, டிசம்பரில் ஒருநாள் சாப்பாட்டு விரிப்பில் உமித் ஜெர்மனில் ஆரம்பித்தான். தோஹிர் கண்களை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"ம்ம். சரியாச் சொன்னே."

"அப்பா! உங்களுக்கு ஜெர்மன் தெரியுமா?"

"சோவியத் ராணுவத்துல இருந்தப்ப ரெண்டு வருஷம் அங்கதான்டா உருளைக்கிழங்கு உரிச்சேன்."

"ஒரு நாளும் சொன்னதில்லையே!"

"நீ ஒரு நாளும் ஜெர்மன்ல கேட்டதில்லையே. வேற மொழி பாரு. கஷ்டமானதா பாரு."

கொரிய மொழிக்குப் போனார்கள். காரணம்: ‘அறிவு வளர்ச்சி.’

ஒரு சாயங்காலம் ஆசிரியைக்குக் காய்ச்சல் என்று அரை மணியில் வகுப்பை விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தால் தெருக்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. ரொம்ப நேரம் தட்டிய பிறகு தோஹிர் திறந்தார். வாசனைத் தைலம் கமகமத்தது. அவருக்குப் பின்னால் ஸபோஹத், கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் பட்டு அங்கியில். முற்றத்துக் கட்டிலில் இரண்டு தேநீர்க் கிண்ணங்கள், ஒரு தட்டு அல்வா.

"விருந்தாளி வந்தாங்களா அத்தை?" என்றாள் மஹ்லியோ.

"வந்தாங்க... போயிட்டாங்க" என்று ஸபோஹத் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"வகுப்பு எட்டு மணிக்குத்தானே முடியும்?" தோஹிரின் குரலில் ஒரு கோபம். "பணம் வாங்கறாங்க இல்ல? ஒழுங்கா நடத்த வேண்டாமா? நான் வந்து கேக்கறேன்."

அப்பாவுக்குப் படிப்பின் மேல் இவ்வளவு மரியாதை என்று உமித்துக்கு இத்தனை நாள் தெரியாது.

கொரியமும் நிலைக்கவில்லை. பிப்ரவரியில் ஒருநாள், ஒரு வாய் புலாவை விழுங்கிவிட்டு உமித் கொரியத்தில் மனைவியிடம் சொன்னான்: "அம்மா இன்னைக்கு உப்பை அள்ளிப் போட்டுட்டா."

"உப்பு கூடிப்போச்சுன்னு நேரா சொல்லேன்டா! நான் கொரிய சீரியலும்தான் பாக்கறேன்" என்றாள் ஸபோஹத்.

உமித்தின் கையிலிருந்த ரொட்டி விழுந்தது. "இவங்களுக்குத் தெரியாத மொழியே உலகத்துல கிடையாதா?" என்று அறைக்குள் போய்ப் புலம்பினான்.

"சீன மொழி இருக்கே!" என்றது சுவர், அப்பாவின் குரலில். "அது எங்க ரெண்டு பேருக்கும் சுத்தமா தெரியாது. சத்தியமா!"

நவ்ரூஸுக்கு இன்னும் நான்கு நாள். உமித் கடையிலிருந்து வந்தபோது மஹ்லியோவின் பெட்டி கட்டில்மேல் திறந்து கிடந்தது.

"மஹ்லியோ, இன்னும் ஒரே ஒரு மொழி. சீனம். மூணு மாசம் கொடு. ராப்பகலா படிக்கிறேன். போகாதே."

"எங்க போகாதே?"

"புகாராவுக்கு."

அவள் கம்பளிச் சட்டைகளைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே சிரித்தாள். "குளிர் போயிடுச்சு, துணியை எடுத்து வைக்கிறேன். நான் எதுக்குப் போகணும்? இப்பதான் நாம வாரம் மூணு நாள் பேசறோமே."

"எப்போ?"

"வகுப்பு முடிஞ்சு வர்றப்ப. வேன்ல இடம் இருந்தாலும் ஏன் ஏற மாட்டேங்கறேன்னு நினைச்சீங்க? நாப்பது நிமிஷம் நடக்கறோம். சம்சா வாங்கித் தர்றீங்க. சின்ன வயசுல கழுதைமேலேர்ந்து விழுந்த கதையை மூணு தடவை சொல்லிட்டீங்க."

உமித் யோசித்துப் பார்த்தான். உண்மைதான். பனியில் வழுக்கி வழுக்கி, கைகோத்து நடந்த அந்த நாற்பது நிமிடங்களில் அவர்கள் ஒரு தடவைகூடத் துருக்கியோ ஜெர்மனோ கொரியமோ பேசியதில்லை. சுத்தமான வீட்டுப் பேச்சு.

"அப்போ மொழியே தேவையில்லையா?"

"நடந்தா போதும்" என்றாள் மஹ்லியோ.

மறுநாளே இருவரும் துள்ளிக்கொண்டு மையத்துக்குப் போனார்கள். இனி வகுப்பு வேண்டாம், எந்த மொழியும் வேண்டாம், எங்கள் பெயரை அடித்துவிடுங்கள் என்றான் உமித்.

லோலா குழம்பிப்போய் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்தாள்.

"அடிக்கறதா? காலைலதான் உங்க அப்பா வந்து, இருக்கறதுலயே முடிக்க ரொம்ப வருஷம் ஆகிற மொழி எதுன்னு கேட்டு, உங்க ரெண்டு பேரையும் சீனத்துல சேத்துட்டுப் போனாரு. காரணம்ங்கிற கட்டத்துல அவர் கைப்பட எழுதியிருக்காரு பாருங்க, ‘நானும் என் மனைவியும் வீட்டில் தனியாக உட்கார்ந்து தேநீர் குடிக்க’ன்னு!"