வெள்ளரித் தண்ணீர் மாப்பிள்ளை

உலகத்தில் சாப்பிடுகிறவர்கள், சாப்பிட வழியில்லாதவர்கள் என்று இரண்டே ஜாதிதான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக ஒரு ஜாதி கிளம்பியிருக்கிறது. அரிசி இருக்கும், அடுப்பு இருக்கும், பக்கத்து மார்க்கெட்டில் மீன் துள்ளிக்கொண்டிருக்கும். ஆனாலும் பம்பாயிலிருந்து ஒரு கறுப்புச் சட்டைக்காரர் செல்போனில் தோன்றி "சாப்பிடாதே" என்று சொன்ன மாத்திரத்தில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். குரு சொல் பட்டினிக்காரர்கள் என்று இவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் ஆபீசில் ஒருவர் இருப்பார், உங்கள் மாடிப்படியில் ஒருவர் ஏறி இறங்குவார். எனக்குக் கொடுத்துவைத்தது, என் ஒரே மகளைக் கட்டிக்கொண்ட நிருபம் ஹாஜ்ரா.

தங்கமான பையன். வங்கியில் வேலை, வாயில் கெட்ட வார்த்தை கிடையாது, தொந்தியும் ஊரில் எல்லா ஆபீஸ்காரனுக்கும் இருக்கிற அளவுதான். கொல்கத்தாவில் ஒரு ஆண்பிள்ளை நாற்பதை நெருங்கும்போது சட்டையின் கீழ்ப் பொத்தான் கொஞ்சம் முனகவில்லை என்றால் "வீட்டில் சரியாகப் போடுவதில்லையோ" என்று அக்கம்பக்கம் சந்தேகப்படும். அப்படிப்பட்ட பொத்தானைப் பார்த்துத்தான் ஒரு நாள் பயந்துபோனார் மாப்பிள்ளை. பயந்தவர் டாக்டரிடம் போயிருக்கலாம். கரம்வீர் லாம்பாவிடம் போனார்.

லாம்பாவைத் தெரியாதா? ஏதோ ஒரு சினிமா நடிகரை உருளைக்கிழங்கு மாதிரி வாங்கி முருங்கைக்காய் மாதிரி திருப்பிக் கொடுத்தாராம். அந்த நடிகருக்குச் சமைக்க ஒரு ஆள், பிடித்து இழுத்து ஓடவைக்க ஒரு ஆள், வெயிலில் குடை பிடிக்க ஒரு ஆள். எங்கள் மாப்பிள்ளைக்கு இருப்பதெல்லாம் ஒரு நெரிசல் மினிபஸ்ஸும் ஒரு ஆபீஸ் கான்டீனும். அதனால் என்ன, விதி ஒன்றுதான்: காலையில் வெள்ளரித் தண்ணீர், மதியம் வேகவைத்த முட்டைக்கோஸ், மாலையில் லாம்பா முகம் போட்ட டப்பாவிலிருந்து ஒரு கரண்டிப் பொடி, அப்புறம் படுக்கை. சோறு தின்னாவிட்டால் இளைப்போம் என்று சொல்ல ஒரு நிபுணர் வேண்டுமா சார்? எங்கள் தாகுரியா பாலத்தடியில் படுத்திருக்கிற நாயைக் கேட்டாலும் சொல்லுமே!

இந்த ஜாதியை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பட்டினி கிடக்கிறேன் என்று வாயால் சொல்லவே மாட்டார்கள். "உடம்பைச் சுத்தம் பண்றேன்" என்பார்கள், என்னவோ உடம்பை வாடகைக்கு விடப்போகிற மாதிரி. கல்யாண வீட்டில் மீன் வறுவல் தட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்பார்கள்; தொடமாட்டார்கள்; தொடுகிற உங்களைத் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு பார்த்து, "அதுல என்ன இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்பார்கள். தெரியும் சார், மீன் இருக்கிறது. போன மாதம் நெய் விஷமாக இருந்தது, இந்த மாதம் கோதுமை விஷம், இடையில் வாழைப்பழத்துக்கு இரண்டு வாரம் ஜாமீன் கிடைத்து மறுபடி உள்ளே போய்விட்டது. நேற்று அமிர்தம் என்றதை இன்று விஷம் என்கிறாயே என்று கேட்டால், முகம் கொஞ்சம்கூட மாறாது. "சார் இப்ப முன்னேறிட்டார்" என்பார்கள்.

காலையில் ஏரியைச் சுற்றி நாங்கள் கிழவர்கள் நடப்போம். நடப்பது எதற்கு? நடந்து முடித்தபின் கொச்சூரியும் ஜிலேபியும் சாப்பிட ஒரு யோக்கியதை வேண்டாமா, அதற்கு. மாப்பிள்ளையும் வருவார், காதில் லாம்பாவை மாட்டிக்கொண்டு. கடையில் எங்களோடு உட்காருவார். எண்ணெயில் கொச்சூரி உப்பி வரும்போது கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுப்பார்.

"என்ன நிருபம், ஒண்ணாவது வாயில போடுங்களேன்."

"வேணாம் பாபா. வாசனையில கலோரி கிடையாது. சாரே சொல்லிருக்கார்."

கடைக்காரன் பாவம், வாசனைக்கு எப்படிப் பில் போடுவது என்று தெரியாமல் விழிப்பான். பக்கத்து வீட்டு முகுந்த சாமந்தோ, மாப்பிள்ளை அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்து, ஜிலேபிப் பாகு வழிகிற வாயால் என் காதோரம் கேட்பார்: "பைத்தியக்காரத்தனம்தான் பவதோஷ் பாபு. அது கிடக்கட்டும், எத்தனை கிலோ குறைஞ்சுதாம்?" எல்லோரும் இதே கேள்விதான் கேட்பார்கள். சிரித்துக்கொண்டே கேட்பார்கள், ஆனால் கேட்பார்கள்.

என் மகள் ஸ்ராவணி ஒரு நாள் வந்து அழாத குறை. "பாபா, தூக்கத்துல தலைகாணியைக் கடிக்கிறார். 'லூச்சி, லூச்சி'ன்னு முனகுறார். எழுப்பிக் கேட்டா, யாரு அந்த லூச்சின்னு என்னையே கேக்குறார்!"

லூச்சி என்பது எங்கள் ஊர் மைதாப் பூரி சார். இதெல்லாம் பார்த்து நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அடுத்தவன் பட்டினி நமக்கு வேடிக்கைதானே? ஜேஷ்ட மாதம் பிறந்து, மாம்பழ வண்டி தெருவுக்குள் வந்ததும்தான் எனக்குத் திக்கென்றது. ஐயோ, ஜாமாய் ஷஷ்டி வருகிறதே!

வங்காளத்தில் மாப்பிள்ளைகளுக்கென்றே பஞ்சாங்கத்தில் ஒதுக்கிய நாள் அது. மாமியார் விரதம் இருந்து, மாப்பிள்ளை கையில் மஞ்சள் நூல் கட்டி, நெற்றியில் தயிர்ப் பொட்டு வைத்து, பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே ஊட்டாத குறையாகச் சாப்பிட வைப்பாள். அவர் சாப்பிட்டு எழுந்தால்தான் அவள் வாயில் தண்ணீர் படும். சரி, இதில் மாமனாருக்கு என்ன வந்தது என்கிறீர்களா? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். எனக்குச் சர்க்கரை. டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார், என் மனைவி கனகலதா அதைச் சட்டமாக்கிவிட்டாள். வருஷம் முழுக்கப் பப்பாளிக்காய்க் குழம்பு, தண்ணீரில் நீந்துகிற துளி மீன். ஆனால் அந்த ஒரு நாள் மட்டும், "மாப்பிள்ளை தனியா உக்காந்து சாப்பிடக் கூடாது, நீங்களும் கூட உக்காருங்க" என்று சொல்லி, அவர் தட்டில் விழுவதில் எல்லாம் எனக்கும் ஒன்று போடுவாள். ஒரு துண்டு கடுகு அரைத்த இலிஷ் மீன். ஒரு கரண்டி ஆட்டுக்கறி. ஒரு கிண்ணம் இனிப்புத் தயிர். அந்த ஒரு துண்டு மீனை நினைத்துத்தான் மற்ற நாளெல்லாம் பப்பாளிக்காயை விழுங்குகிறேன் நான். இப்போது சொல்லுங்கள், மாப்பிள்ளை சாப்பிடவில்லை என்றால் என் கதி?

அன்று விடியும்போதே கடியாஹாட் மார்க்கெட்டில் நானே நின்று, கண் சிவக்காத, வயிறு பளபளக்கிற இலிஷ் ஒன்றைப் பொறுக்கி எடுத்தேன். கனகலதா முழங்கால் வலியோடு அடுப்படியில் நின்றாள். மதியம் மாப்பிள்ளை வந்தார். மாமியார் வீட்டுக்கு வருகிற வங்காளத்து மாப்பிள்ளை கையில் ஒரு மிட்டாய்ப் பானையாவது இருக்கும். இவர் கையில் ஒரு பெரிய டப்பா, அதன் மேல் லாம்பா சிரிக்கிறார். இன்னொரு கையில் பச்சை நிறத்தில் வெள்ளரித் தண்ணீர் பாட்டில். பக்கத்து வீட்டுப் பால்கனியிலிருந்து சாமந்தோவின் மனைவி குரல் கொடுத்தாள்:

"என்னம்மா கனகா, மாப்பிள்ளை வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்திருக்காரா?"

எனக்கு மானமே போய்விட்டது. கனகலதா காதில் விழாத மாதிரி உள்ளே அழைத்துப்போனாள். நூல் கட்டினாள். நெற்றியில் தயிர் வைத்தாள். மாப்பிள்ளை பதறிப்போனார்.

"மா, இது ஆடை எடுக்காத தயிரா?"

"நெத்தியில வெக்கத்தானேப்பா கண்ணு. குடிக்கச் சொல்லலையே."

"தோல் வழியா உள்ள போகுமாம் மா. சார் சொல்லிருக்கார்."

சொல்லிக்கொண்டே கைக்குட்டையால் துடைத்தார். பெரிய வெண்கலத் தட்டு வந்தது, சுற்றிலும் கிண்ணங்கள், நடுவில் சோற்றுக் குன்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து காலியான என் தட்டைச் சரிசெய்துகொண்டேன். மாப்பிள்ளை இரு கையையும் கூப்பினார்.

"மா, கோவிச்சுக்காதீங்க. எனக்கு இந்தத் தண்ணி போதும்."

விசிறி நின்றது. கனகலதா கிண்ணங்களைப் பார்த்தாள், மாப்பிள்ளையின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் அழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கோபம் வந்தது சார் எனக்கு, பொங்கிப் பொங்கி வந்தது. என் மனைவி பட்டினி, என் மாப்பிள்ளை பட்டினி, அடுத்த ஜேஷ்டம் வரை நானும் பட்டினி. சாப்பிட்டுவிட்டுச் சுகமாகச் சிரிக்கிறவர் டப்பா மேல் இருக்கிற ஒருத்தர்தான்.

வராந்தாவுக்குப் போய் என் செல்போனில் அந்த லாம்பாவைத் தேடினேன். அடேயப்பா, எத்தனை லாம்பா! தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தார். கடைசியில் சிக்கினார், அதே கறுப்புச் சட்டை, அதே பல், ஆனால் கொஞ்சம் அதிகத் தலைமுடியோடு. எப்போதோ போட்டது. "நண்பர்களே, கொழுப்புள்ள மீன்தான் உயிர்! வெள்ளரியும் முட்டைக்கோஸும் உடம்பில் நீரைத் தேக்கும், எடையைக் கூட்டும், இன்றே நிறுத்துங்கள்!" என்று கர்ஜித்தார். எனக்கு அந்த ஆளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கவேண்டும் போல இருந்தது. அதற்கு மேல் பார்க்க நேரமில்லை. உள்ளே ஓடினேன்.

"நிருபம், உங்க சார் என்னமோ மீனைப் பத்திப் பேசுறாரே, இதைப் பாத்தீங்களா?"

தேதியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, போனைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து முதலிலிருந்து ஓடவிட்டேன். மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். நேற்றுவரை குடித்த வெள்ளரி என்ன ஆயிற்று, ஏன் மாறியது, ஒரு கேள்வி உண்டா? கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"நான் அப்பவே நெனச்சேன் பாபா, இந்த வெள்ளரியில ஏதோ தப்பு இருக்குன்னு! மா! மா! மீன் எத்தனை துண்டு இருக்கு?"

கனகலதா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். விசிறி மறுபடி ஆட ஆரம்பித்தது. சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு மாப்பிள்ளை இலிஷை எடுத்தார். முள் எடுத்த வேகம் என்ன, கடுகுச் சாந்தை விரலால் வழித்த பக்தி என்ன! ஒவ்வொரு துண்டுக்கும் "சார் சொல்லிருக்கார்" என்று ஒரு மந்திரம். வயிற்றுத் துண்டு போயிற்று, முதுகுத் துண்டு போயிற்று, சினை போயிற்று. கனகலதா முகத்தில் பௌர்ணமி. நான் பொறுத்திருந்தேன். கடைசித் துண்டு என்னுடையது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கரண்டி அதை ஏந்திக்கொண்டு என் தட்டை நோக்கி வந்தது. வாயில் எச்சில் ஊறிவிட்டது.

போனில் லாம்பா இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆனால் நண்பர்களே, ஒரு எச்சரிக்கை. அறுபதைத் தாண்டியவர்கள் மீன், இறைச்சி, இனிப்பு எதையும் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. அவர்களுக்கு மட்டும் வெள்ளரித் தண்ணீர்தான் அமிர்தம்!"

கரண்டி அந்தரத்தில் நின்றது. இத்தனை மாதமாக "அந்தக் கறுப்புச் சட்டைக் கடன்காரன்" என்று திட்டித்தீர்த்த என் மனைவி, போனுக்குப் பக்கத்தில் குனிந்து அவர் முகத்தை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தாள்.

"என்ன நல்ல மனுஷன்! இத்தனை வருஷமா நான் சொல்றதையே சொல்றாரு பாருங்க!"

"கனகா, அது பழைய வீடியோ! எப்பவோ போட்டது! அந்த ஆள் புளுகன்!"

மாப்பிள்ளை வாய் நிறைய மீனோடு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உண்மை பழசாகுமா பாபா?"

கடைசித் துண்டு மாப்பிள்ளை தட்டில் விழுந்தது. "எனக்கு இனிமே இது ஆகாது, நீங்க குடிங்க" என்று வெள்ளரித் தண்ணீர் பாட்டிலை அன்போடு என் பக்கம் நகர்த்தினார். கனகலதா எனக்கும் இரண்டு விசிறு விசிறிவிட்டாள். அப்புறம் பக்கத்திலேயே உட்கார்ந்து, விரதம் முடிந்த பசியோடு, என் பங்கு ஆட்டுக்கறியை லூச்சியில் தோய்த்துச் சாப்பிட்டாள். அவளுக்கு இன்னும் அறுபது ஆகவில்லையாம்.

ஆக, இந்த ஜாதியிடம் ஜாக்கிரதையாக இருங்கள். நீங்கள் விவரமானவர், எந்த லாம்பாவும் உங்களை ஏமாற்ற முடியாது, தெரியும் எனக்கு. மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தீர்கள், கனகலதாவைப் பார்த்துச் சிரித்தீர்கள், வீடியோவைக் கடைசிவரை பார்க்காமல் ஓடிய என்னைப் பார்த்து ரொம்பவே சிரித்தீர்கள். நல்லது. ஆனால் உங்கள் மனதுக்குள் ஆரம்பத்திலிருந்து ஒரு சின்னக் கேள்வி அரித்துக்கொண்டிருக்கிறதே, வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? "அது கிடக்கட்டும் பவதோஷ் பாபு, கடைசிவரை சொல்லவே இல்லையே, எத்தனை கிலோ குறைஞ்சுது?"

வாங்க, உட்காருங்க. பாட்டிலில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது.