மீன் சொன்ன சாட்சி

எனக்கு இரண்டு மொழி தெரியும் என்று பல வருடம் சொல்லித் திரிந்தேன். உண்மையில் இரண்டிலும் பாதிப் பாதிதான் தெரியும். இது ஒரு தோடும் (காதில் போடுவதல்ல, ஓடை), ஒரு இன்ஷூரன்ஸ் ஃபாரமும் சேர்ந்து எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்.

கேரள எல்லைக்குள் இருக்கும் காரோட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தோடு உண்டு. கோடையில் அதைக் கோழிகூட அலட்சியமாகக் கடக்கும். அந்த மழையில் அது ஒரு காலை நேரம் எங்கள் அடுக்களைச் சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. ஒரு பலாப்பழம் பின்வாசல் வழியாக மிதந்து வந்து, முன்வாசல் வழியாக மரியாதையாக வெளியேறியதை நானும் என் மனைவி சுனிதாவும் மகளும் படிக்கட்டின் மேலே நின்று பார்த்தோம். (என் வாய் அவ்வளவு நேரம் மூடிக் கிடந்தது அன்றுதான் என்பாள் சுனிதா.)

வீட்டு லோனோடு எடுத்த இன்ஷூரன்ஸ் இருந்தது. அது கிடைத்தால்தான் சுவர் எழும்பும். சுவர் எழும்பும்வரை அதியன்னூரில் மச்சான் வீட்டில்தான் வாசம். சுனிதாவின் அண்ணன் நல்ல மனிதர். ஆனால் ஒரு அறையை விட்டுப் போகும்போது, உள்ளே நாங்கள் உட்கார்ந்திருந்தாலும் ஃபேனை அணைத்துவிட்டுத்தான் போவார்.

ஃபாரத்தில் 'சேதத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம். நான் மலையாள எழுத்தில், அழகாக, ஒரே வார்த்தை எழுதினேன்: வெள்ளம்.

மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். எங்கள் வீட்டிலேயே தாகம் எடுத்தால் வெள்ளம்தான் கேட்போம். ஆனால் பேனா கையில் வந்ததும் நான் தமிழ் மீடியம் பையன் ஆகிவிடுவேன். அங்கே வெள்ளம் என்றால் ஊரையே அடித்துப் போவதுதான்.

அதோடு விட்டேனா? சேதத்தை மதிப்பிட சர்வேயர் வருகிறார் என்றதும் இரண்டு நாள் வீட்டைக் கழுவினேன். சேற்றைச் சுரண்டி, சுவருக்கு வெள்ளையும் அடித்தேன்.

"அப்பிடியே கெடக்கட்டுமே," என்றாள் சுனிதா.

"ஒரு ஆபீசர் வாற வீடாக்கும். சேறும் சகதியுமா வச்சா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாரு?"

சர்வேயர் வந்த அன்று நல்ல வெயில். தோடு கணுக்கால் அளவு. வீடு கல்யாண வீடு மாதிரி பளபளவென்று இருந்தது. அவர் நான் வைத்த சிப்ஸைச் சாப்பிட்டார், விழுந்த சுவரைப் பார்த்தார், போனார். பிறகு கடிதம் வந்தது: பைப்பிலிருந்து வந்த நீர்க்கசிவால் பழைய சுவர் பலமிழந்து விழுந்திருக்கிறது, கசிவுக்குப் பாலிசியில் இடமில்லை.

மச்சான் கடிதத்தைப் படித்துவிட்டு ஃபேனை அணைத்தார்.

பாறசாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஸ்டெல்லா அக்காவிடம் சுனிதா என்னை இழுத்துக்கொண்டு போனாள். அக்கா பல வருடம் ஒரு சர்வேயரிடம் டைப்பிஸ்டாக இருந்தவர். என் ஃபாரத்தின் நகலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"எலே, தண்ணின்னு எழுதி வச்சிருக்கியே. வெள்ளப்பொக்கம்னு எழுதாண்டாமா? சரி, செவுத்துல சேத்து அடையாளம் உண்டா?"

"வெள்ளை அடிச்சாச்சு அக்கா."

அக்கா சுனிதாவைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு துக்க விசாரணை இருந்தது.

மறுநாள் வீட்டுக்கு வந்தார். விழுந்த சுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே படுக்கையறையின் இரும்பு அலமாரி முன்னால் போய் நின்றார்.

"வெள்ளை அடிக்கும்போ இத நவுத்தினியா?"

"இல்ல அக்கா. நல்ல கனம்."

"ஒன் மடிதான் ஒன்னைக் காப்பாத்தியிருக்கு." (மடி என்றால் எங்கள் பக்கம் சோம்பல்.)

மூன்று பேரும் சேர்ந்து நகர்த்தினோம். பின்னால், என் நெஞ்சு உயரத்தில், ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல ஒரு சேற்றுக்கோடு. கோட்டுக்குக் கீழே காய்ந்த சேற்றில் விரல் நீள மீன் ஒன்று செதிலோடு ஒட்டியிருந்தது. தோடு வந்த அன்று படிக்கட்டின் மேலிருந்து பார்த்ததில் உயரம் தெரியவில்லை. இப்போது அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் என் மகள் வந்து நின்றாள். கோடு அவள் தலைக்கு மேலே இருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டெல்லா அக்கா டேப்பை நீட்டிப் பிடித்து போட்டோ எடுத்தார். "பைப்புல மீன் வராது மக்கா," என்றார். அவ்வளவுதான். தோட்டைப் பார்த்தபோது வந்த அதே மலைப்பு எனக்கு அந்தக் குள்ளமான பெண்மணியைப் பார்த்தும் வந்தது.

வில்லேஜ் ஆபீஸில் சான்று வாங்கி, புதிதாக மனு எழுதி, சர்வேயரை மறுபடி வரவழைத்தார். எனக்கு ஒரே உத்தரவு: "நீ வாயத் தொறக்கப்பிடாது. தொறந்தா வெள்ளப்பொக்கம்னு மட்டும் சொல்லு."

சர்வேயர் வியர்த்துப்போய் வந்து உட்கார்ந்தார். "சேட்டா, குறச்சு வெள்ளம்..." என்று ஆரம்பித்தார்.

நான் துள்ளி எழுந்தேன். "வெள்ளமில்ல சாரே, வெள்ளப்பொக்கம். வெள்ளப்பொக்கம் மட்டும்தான்."

சுனிதா உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் குடித்தார். பிறகு அலமாரிக்குப் பின்னால் குனிந்து, மீனை வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் குரல் தணிந்திருந்தது. "இத்ரயும் பொங்கியோ?" என்று கேட்டு, எழுத ஆரம்பித்தார்.

சுவர் எழும்பியது. ஃபேன் ஓடும் வீட்டுக்குத் திரும்பி வந்தோம்.

போன வாரம் ஊறுகாய் ஜாடி ஒன்று என் கையிலிருந்து நழுவி உடைந்தது. துடைப்பத்தை எடுத்தேன். "அப்பா, தொடாதீங்க," என்று மகள் ஓடிவந்து, நாலு பக்கமிருந்தும் போட்டோ எடுத்து ஸ்டெல்லா அக்காவுக்கு அனுப்பினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சுனிதா பதிலை வாசித்தாள்:

"போட்டோ கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. காரணத்த மட்டும் அப்பாவ எழுத விடாத மக்கா."