சம்பந்தி காலில் விழுந்து எழாமல் கிடந்தது

கையை உடைத்துக்கொண்டு கட்டுப் போட்டவருக்கு ஊரில் இருக்கும் மரியாதையே தனி. ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள், பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். என் வியாதிக்குக் கட்டும் இல்லை, வீக்கமும் இல்லை. வலி மட்டும்தான். தொடை, தோள், முழங்கால், மணிக்கட்டு என்று முறை வைத்துக்கொண்டு வலிக்கும். நன்றாகத் தூங்கி எழுந்தாலும் மூட்டை தூக்கிவிட்டு வந்ததுபோல் இருக்கும். எடுத்த டெஸ்ட் எல்லாம் நார்மல். (நார்மல் என்று வந்ததற்காக அழுத ஆள் போர்ட் பிளேரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.)

ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட தொல்லை இது. சென்னைக்குப் போனபோது ஒரு டாக்டர்தான் அதற்கு ‘நாள்பட்ட சோர்வு நோய்’ என்று பெயர் சொன்னார்.

“இன்னிக்கு நல்லா இருக்கேன்னு எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்காதீங்க. செஞ்ச அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. மறுநாளோ அதுக்கடுத்த நாளோ மொத்தமா ஆளைச் சாய்ச்சிடும்” என்றார். பலமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஊர் திரும்பியதும், டாலிகஞ்ச் பகுதியில் எங்கள் வீட்டிலேயே இருந்த அம்மாவிடம் சொன்னேன். “சோர்வெல்லாம் ஒரு நோயாடி? எனக்குந்தான் சோர்வா இருக்கு” என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை வசந்திக்கு எங்கள் ஊரிலேயே, மரைன் ஹில் பக்கம், ஒரு வரன் அமைந்தது. பையனை அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பையனின் அப்பா மாணிக்கம் மாமா, தீவுகளுக்கு இடையே ஓடும் படகுகளில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த இரைச்சலில் பேசிப் பழகியதால் ரகசியத்தைக்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கும்படிதான் சொல்வார்.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டில். அதற்கு இரண்டு நாள் முன்பே அம்மா என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

“உன் உடம்பைப் பத்தி மூச்சு விடாதே. அக்காவுக்கு இருக்கிறது தங்கச்சிக்கும் வந்திடுமோன்னு நெனைச்சிட்டா என்ன பண்றது? சும்மா சிரிச்சிட்டு நில்லு, போதும்.”

சும்மா நின்றிருக்கலாம். ஆனால் எனக்கு வீம்பு வந்துவிட்டது. நிச்சயத்துக்கு முந்தின நாள் ஏதோ அதிசயமாக வலி குறைவாக இருந்தது. பரணையில் ஏறி ஒட்டடை அடித்தேன். ஸ்கூட்டரில் சிப்பிகாட் வரைக்கும் போய் வாழை இலையும் காய்கறியும் அள்ளிக்கொண்டு வந்தேன். திரும்பியதும் திரைச்சீலைகளை ஊறவைத்துத் துவைத்தேன். என் கணவர் முருகேசன், “டாக்டர் என்ன சொன்னாரு?” என்று பின்னாலேயே வந்தார். “டாக்டரா வந்து துவைக்கப் போறாரு?” என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன்.

மறுநாள் காலையில் சீப்பைத் தூக்கக் கை வரவில்லை. ஒவ்வொரு மூட்டிலும் யாரோ மணலைக் கொட்டிவிட்டதுபோல் இருந்தது. முருகேசன்தான் தலை வாரிவிட்டார். (அந்தப் பின்னலைப் பார்த்தே சம்பந்தி வீட்டார் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.)

அவர்கள் வந்தார்கள். சிரித்தேன். நின்றேன். அதோடு விட்டேனா? ஆரோக்கியத்தை நிரூபிக்க இதுதான் தருணம் என்று, தாம்பூலம் மாற்றி முடிந்ததும் யாரும் கேட்காமலேயே, “ஆசீர்வாதம் பண்ணுங்க மாமா” என்று மாணிக்கம் மாமாவின் காலில் விழுந்தேன். நெற்றி தரையில் படும்படி, நன்றாக.

“நூறு வயசு நல்லா இரும்மா!” என்றார்.

எழப் பார்த்தேன். தொடை கேட்கவில்லை. கையை ஊன்றினேன். மணிக்கட்டு மடங்கியது.

நான் எழாததைக் கண்டு, கொடுத்தது போதவில்லை என்று நினைத்துவிட்டார் மனிதர். “புருஷன் புள்ளைகளோட சந்தோஷமா இரு!” என்றார். நான் அசையவில்லை. “சொந்தமா மாடி வீடு கட்டணும்!” அசைவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “மெயின்லேண்டுக்கு எப்பக் கேட்டாலும் கப்பல்ல டிக்கெட் கிடைக்கணும்!” என்றார். அந்தமானில் இதற்கு மேல் ஓர் ஆசீர்வாதம் கிடையாது. அதற்கும் நான் எழவில்லை.

“அவளுக்குப் பெரியவங்கன்னா ரொம்ப மரியாதை” என்றாள் அம்மா.

பக்கத்து வீட்டு வங்காளத்து அம்மா வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, “அரே, க்யா ஹுவா?” என்று, என்ன ஆச்சு என்று இந்தியில் கேட்டாள்.

“ஆசீர்வாத் லே ரஹீ ஹை!” என்று, நான் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டிருப்பதை முழங்கினார் மாமா.

எனக்கு அழுகை வந்தது. வலியால் பாதி. வசந்தியின் கல்யாணம் என்னால் நின்றுவிடப் போகிறதே என்று பாதி. அப்போது பட்டுப்புடவை சரசரக்க யாரோ என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். வசந்தி.

“மாமா, அக்காவால எழுந்திரிக்க முடியல. உடம்பெல்லாம் வலிக்கிற வியாதி அவளுக்கு. நடிப்பு இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. உங்ககிட்ட மறைக்கச் சொன்னோம். யோசிக்கணும்னா யோசிச்சுக்குங்க. ஆனா முதல்ல அக்காவைத் தூக்குங்க.”

மாணிக்கம் மாமா நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

“அப்பாடா! எனக்கு ஆசீர்வாதமே தீர்ந்து போச்சும்மா. அடுத்து என்ன சொல்றதுன்னு தெரியாம வேர்த்துட்டேன்.”

முதலில் சிரித்தது அவர் மனைவி சரோஜா அத்தை. முருகேசனும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னைத் தூக்கினார்கள். அத்தை என் முதுகுக்குத் தலையணை கொடுத்தபடி, “வலிக்குதுன்னு சொன்னா நாங்க என்ன கடிச்சா தின்னுடுவோம்?” என்றாள். அம்மா என் காலடியில் உட்கார்ந்து மெதுவாகப் பாதத்தைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். ‘சோர்வெல்லாம் ஒரு நோயா’ என்று அதற்குப் பிறகு அவள் கேட்டதே இல்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். வலி போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் டாக்டர் சொன்னதை இப்போது உண்மையாகவே கேட்கிறேன். நல்ல நாளில் பாதியை மிச்சம் வைக்கிறேன், முடியாத நாளில் முடியவில்லை என்று சொல்கிறேன். நல்ல நாட்கள் முன்பைவிட அதிகம் வருகின்றன. போன மாதம் சாயங்காலத்தில் முருகேசனோடு கடற்கரையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன். மறுநாள் சீப்பையும் நானே தூக்கினேன்.

இன்றைக்கும் மாணிக்கம் மாமா என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் உயர்த்தி, “அங்கேயே நில்லும்மா, கிட்ட வராதே! மொத்தமும் அட்வான்ஸா கொடுத்தாச்சு!” என்று கத்துவார்.

சென்ற பொங்கலன்று வசந்தியின் மகளைத் தாத்தா காலில் விழுந்து கும்பிடச் சொன்னார்கள். குப்புறப் படுத்த குழந்தை எழ மறுத்து அங்கேயே உருண்டுகொண்டு சிரித்தது. சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் முன்னால் அம்மா பெருமையோடு சொன்னாள்: “அப்படியே பெரியம்மாவை உரிச்சு வச்சிருக்கு!”