கிளம்ப மறுத்த வீடு

சாவியைத் திருகியதும் வண்டி ஒரு முனகல்கூட முனகவில்லை. வரைபடக்காரர் நெற்றியைச் சுருக்கி, "அட, என்னாச்சு இதுக்கு" என்றார். காலையில் பல் விளக்கும்போதே மூன்று தடவை ஒத்திகை பார்த்த வசனம் அது. இருந்தாலும் குரல் கொஞ்சம் பிசிறடித்தது.

பக்கத்து இருக்கையில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்த மனைவி, "இன்னொரு தடவை போட்டுப் பாருங்க" என்றாள்.

போட்டார். ஒன்றும் இல்லை. முன்பலகையில் எப்போதும் மினுக்கும் சிவப்பு விளக்குகூட எரியவில்லை. நகக்கண் அளவு ஃபியூஸ் ஒன்றுக்கு இவ்வளவு செல்வாக்கா என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

அந்த ஃபியூஸ் அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

பள்ளிப் பாடநூல்களுக்கு வரைபடம் வரைவது அவர் தொழில். ஆறு எங்கே வளைகிறது, மலை எங்கே முடிகிறது என்பதையெல்லாம் பிள்ளைகளுக்குக் கோடு போட்டுக் காட்டுகிறவர். அதனால் போகிற இடமெல்லாம் அவருக்கு 'வரைபடக்காரர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மனைவி கணினி வழியாக எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். மகளுக்குப் பதினொரு வயது, வீட்டில் பெயர் வாண்டு. வீடு என்றால் இந்த வண்டிதான். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் சாப்பாட்டு மேஜை, அதற்குப் பின்னால் அடுப்பு, அதற்கும் பின்னால் மூன்று படுக்கைகள். வேகத்தடையில் ஏறினால் சமையலறையும் சேர்ந்து ஏறும்.

நான்கு வருடமாக இப்படித்தான். குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பலாம் என்று முதலில் சொன்னது யார் என்பது இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் மற்ற இரண்டு பேருக்கும் இந்த அலைச்சல்தான் உயிர் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. மனைவி ஒரு இடத்துக்கு வந்து இறங்கியதுமே அடுத்த இடத்தை வரைபடத்தில் பென்சிலால் வட்டமிட்டுவிடுவாள். வாண்டுவோ, ஊர் எது என்று யாராவது கேட்டால், "எல்லாமே எங்க ஊர்தான்" என்று சொல்லிக் கேட்டவர் வாயை அடைத்துவிடும்.

அவருக்கு மட்டும்தான் கால் ஓய்ந்துபோயிருந்தது. அதற்குக் காரணம் ஒரு முடிதிருத்துகிறவர்.

வண்டிவீடுகள் வந்து நிற்பதற்கென்று ஏரிக்கரையில் இருந்த அந்த முகாமுக்கு அவர்கள் வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. எந்த ஊரிலும் இவ்வளவு நாள் தங்கியதில்லை. முகாமிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு சின்ன சலூன். போன வாரம் மூன்றாவது தடவையாகப் போனபோது, கடைக்காரர் துண்டை உதறிக் கழுத்தில் சுற்றிக்கொண்டே, "வழக்கம்போலத்தானே சார்?" என்று கேட்டார்.

வரைபடக்காரர் கண்ணாடியில் அவரை நிமிர்ந்து பார்த்தார். நான்கு வருடத்தில் எத்தனையோ சலூன் நாற்காலியில் உட்கார்ந்து, எத்தனையோ தடவை, "பின்னாடி கொஞ்சம் குறைங்க, காதோரம் தொடாதீங்க" என்று முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். அவருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது என்று யாருமே கண்டுபிடித்ததில்லை. "ஆமாங்க, வழக்கம்போல" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முடி கண்ணில் விழுந்துவிட்டதென்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார்.

வீட்டில் இதை எப்படிச் சொல்வது? ஒரு சலூன்காரருக்காக ஊர் ஊராகப் போகிறதை நிறுத்தலாம் என்றால் சிரிக்கமாட்டார்களா? சிரித்தாலும் பரவாயில்லை. அவர்கள் முகம் வாடிவிட்டால்? அதனால்தான் நேற்றுச் சாயங்காலம் மனைவியும் மகளும் துணி காயப்போடப் போன சமயம் பார்த்து, எஞ்சினைச் சுழலவைக்கிற ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு நாள், அதிகம் போனால் மூன்று நாள். அவ்வளவுதான் அவர் ஆசைப்பட்டது.

"பரவாயில்லங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள் மனைவி, பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே.

எவ்வளவு பெரிய மனசு, தன் ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளவே இல்லையே என்று அவருக்கு உறுத்தியது.

அதற்குள் முகாம் மேனேஜர் அம்மா கையில் அட்டையோடு வந்துவிட்டார். "என்ன சார், இன்னும் கிளம்பலையா? இந்தப் பன்னிரண்டாம் நம்பர் இடத்துக்கு மத்தியானம் வேற குடும்பம் வருது."

"வண்டி எடுக்க மாட்டேங்குது மேடம். ரெண்டு நாள் டைம் குடுத்தீங்கன்னா..."

"ரெண்டு நாளா? இன்னும் ஒரு மாசத்துக்கு ஒரு இடம்கூடக் காலியில்ல. கவலைப்படாதீங்க. நம்ம மெக்கானிக்க வரச்சொல்றேன். அவங்களால முடியலன்னா இழுவை வண்டி வந்து டவுன் பட்டறைக்கு இழுத்துட்டுப் போயிடும். சரியாகிற வரைக்கும் நீங்க பட்டறையிலயே தங்கிக்கலாம்."

பட்டறை என்றதும் வரைபடக்காரருக்கு, டயர் குவியலுக்கும் எண்ணெய்ப் பீப்பாய்க்கும் நடுவே மனைவி கணக்குச் சொல்லிக்கொடுப்பது கண்முன்னே தெரிந்தது. போதும் இந்த விளையாட்டு, வந்த வழியே திரும்பிவிடலாம் என்று முடிவு செய்தார். வாண்டுவைத் தண்ணீர் பிடிக்க அனுப்பினார். மனைவி மேனேஜரோடு பேசிக்கொண்டே அலுவலகம்வரை போனாள். அவர் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார்.

பெட்டியில் இரண்டு ஓட்டைகள் காலியாக இருந்தன. ஒன்று எப்போதுமே காலியாக இருப்பதுதான்.

உலகத்தில் எந்தத் தீவு எங்கே இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லக்கூடியவர், நேற்றுப் பிடுங்கிய ஃபியூஸ் இடது ஓட்டையா வலது ஓட்டையா என்று தெரியாமல் விழித்தார். இடதில் சொருகிச் சாவியைத் திருகினார். ஒன்றும் இல்லை. வலதில் சொருகித் திருகினார். அப்போதும் இல்லை. மறுபடி இடது. வண்டி கல்லாக நின்றது.

இப்போதுதான் அவருக்கு நிஜமாகவே வியர்த்தது. விளையாட்டாகக் கை வைக்கப்போய் உள்ளே எதையோ எரித்துவிட்டோம். நான்கு வருடம் காடு மேடெல்லாம் சிணுங்காமல் சுமந்த வண்டி, ஒரு முடிவெட்டுக்காகப் பாழாகிவிட்டது.

எதிர் இடத்தில் நின்ற வண்டிவீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் தனியாகத் தங்கியிருந்தார். சாவி திருகும் சத்தம் மட்டும் வந்து எஞ்சின் சத்தம் வராததைக் காதில் வாங்கிக்கொண்டு, பனியனோடு இறங்கி வந்தார்.

"முப்பத்திரண்டு வருஷம் ஓட்டினவன் தம்பி. தள்ளினாக் கிளம்பாத வண்டின்னு ஒண்ணு கிடையாது. ரெண்டாவது கியர்ல போட்டுட்டு உக்காருங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"இது நாலு டன் இருக்குங்க."

"நான் தள்ளவெச்சது பதினாலு டன்."

அவர் ஒரு விசில் அடித்தார். ஐந்து நிமிடத்தில் முகாமே திரண்டுவிட்டது. சும்மா இருக்கிறவர்களுக்கு இன்னொருவர் வண்டியைத் தள்ளுவதைப் போல உற்சாகம் தரும் வேலை வேறில்லை. அலுவலகத்திலிருந்து திரும்பிய மனைவி, "வேண்டாங்க, எதுக்கு இந்த அவசரம்? மெக்கானிக் வரட்டுமே" என்று கையைப் பிடித்தாள். வாண்டுவும், "அப்பா, விடுங்கப்பா. இங்கயே எங்கயாவது ஓரமா இருந்துக்கலாம்" என்று கண் கலங்கியது.

பாவம், பிள்ளைக்கு ஏமாற்றம் தாங்கவில்லை என்று நினைத்தார் வரைபடக்காரர். அவர் பிடிவாதம் இரண்டு மடங்கானது. "அப்பா இருக்கேன்டா. இன்னைக்கே கிளப்பிக் காட்டறேன்."

பத்துப் பேர் முதுகைக் கொடுத்தார்கள். வண்டி அசைந்தது, புல்லைத் தாண்டியது, பாதைக்கு வந்தது. பாதை சரிவானது என்பதை யாரும் யோசிக்கவில்லை. தள்ளியவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்க, வண்டி தானாகவே ஓட ஆரம்பித்தது. எஞ்சின் மட்டும் கிளம்பவில்லை. எஞ்சின் ஓடாததால் பிரேக் மரக்கட்டையாக இறுகிக் கிடந்தது. உள்ளே அலமாரிகள் திறந்துகொண்டு தட்டு, டம்ளர், அரிசி, பாடநூல் எல்லாம் ஒரே திசையில் வந்து விழுந்தன. வரைபடக்காரர் எழுந்து நின்று கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார்.

முகாமின் பொதுக் குளியலறைக் கதவில் மெல்ல ஒரு முட்டு முட்டிவிட்டு வண்டி நின்றது.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

"யாருங்க கதவைத் தட்றது?" என்றது ஒரு ஆண் குரல்.

வரைபடக்காரர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "தட்டலீங்க. வண்டி."

"குளியலறைக்கு எதுக்குங்க வண்டி?"

"வந்துடுச்சுங்க. பிரேக் பிடிக்கல."

கதவு ஒரு விரற்கடை திறந்து, பம்பரில் இடித்து நின்றது. அந்த இடுக்கில் சோப்பு நுரையோடு ஒரு கண் தெரிந்தது. "நான் வெளியில வரணுமே."

"நாங்களும் காலையிலேருந்து கிளம்பணும்னுதான் பாக்கறோம்."

"எனக்குப் பன்னிரண்டாம் நம்பர் இடம் குடுத்திருக்காங்க. சீக்கிரமே வந்துட்டோம், சரி, காலியாகிற வரைக்கும் குளிச்சிடலாம்னு வந்தேன். காலி பண்ணிட்டாங்களா, தெரியுமா உங்களுக்கு?"

"பண்ணிட்டாங்க" என்றார் வரைபடக்காரர் தீனமாக. "இப்ப உங்க முன்னாடிதான் நிக்கறாங்க."

பஸ் டிரைவர் ஓடிவந்து நிலைமையைப் பார்த்தார். "முப்பத்திரண்டு வருஷத்துல இப்படி ஆனதே இல்ல" என்று தலையைச் சொறிந்தார். மறுபடி பத்துப் பேர் சேர்ந்து, இந்தத் தடவை மேட்டைப் பார்த்து, மூச்சு முட்டத் தள்ளினார்கள். வண்டி ஒரு முழம் பின்வாங்கியது. நுரைக்காரர் பக்கவாட்டில் நசுங்கி வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் துண்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வண்டிச் சக்கரத்துக்கு யாரோ கல் வைத்தார்கள். கூட்டம் கலைந்தது.

குளியலறை வாசலில், சாய்ந்து நின்ற வீட்டின் படியில், மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மனைவியின் மடியில் காது உடைந்த மூன்று கோப்பைகள். வாண்டு அரிசியில் கலந்துபோன கலர் பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் வந்தாள். நாற்பது வயதிருக்கும், சாம்பல் நிற உடுப்பு, பேச்சு ரொம்பக் குறைவு. "யார் என்னென்ன செஞ்சீங்கன்னு கேக்கலாமா?" என்றாள். மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தார்கள். "சரி" என்று எஞ்சின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். பிறகு வண்டிக்கு அடியில் போனாள். பிறகு ஓட்டுநர் இருக்கையைத் தூக்கினாள். ஒவ்வொரு இடத்திலும், "ம்" என்ற சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு 'ம்'முக்கும் வரைபடக்காரரின் நெஞ்சு ஒரு படி இறங்கியது.

அவரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"நான்தான்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "நேத்து சாயங்காலம் நான்தான் ஃபியூஸைப் பிடுங்கினேன். ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்னு ஒரு ஆசை. திரும்பச் சொருகினா வேலை செய்யல. எதையோ எரிச்சுட்டேன் போல."

மனைவி தலையைத் திருப்பவில்லை.

"சலூன்காரர் என்னைப் பாத்து, வழக்கம்போலத்தானேன்னு கேட்டார். வேற ஒண்ணும் இல்ல. அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ ஆயிடுச்சு. அடுத்த ஊர்ல மறுபடியும் முதல்லேருந்து சொல்லணுமேன்னு..." அவருக்குக் குரல் உடைந்தது. "உங்க ரெண்டு பேருக்கும் ஊர் சுத்தறதுதான் சந்தோஷம்னு எனக்குத் தெரியும். அதைப் போய்க் கெடுத்துட்டேன். சரியானதும் உடனே கிளம்பிடலாம். இனிமே இப்படிச் செய்யமாட்டேன்."

மனைவி உடைந்த கோப்பையின் காதை அதன் இடத்தில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதோரம் சிவந்திருந்தது. வாண்டு ஒரு பச்சைப் பென்சிலை விடாமல் துடைத்தது. நான்கு வருடத்தில் அந்த வண்டியில் இவ்வளவு அமைதி இருந்ததில்லை. கோபமாக இருந்தால் இரண்டு வார்த்தை திட்டியிருப்பார்கள். இது அதையும் தாண்டிவிட்டது என்று வரைபடக்காரர் நினைத்தார். மன்னிப்புக்கு இன்னும் பெரிய சொல்லாக ஒன்றைத் தேடினார். கிடைக்கவில்லை.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவர்கள் எதிரே நின்றாள். ஒவ்வொரு முகமாக மூன்று முகத்தையும் பார்த்தாள்.

"எதுவும் எரியல சார், ஃபியூஸைத் தப்பான ஓட்டையில சொருகியிருக்கீங்க, அவ்வளவுதான், ஆனா பாட்டரி வயரைக் கழட்டிச் சமையல் துணியில நீட்டா மடிச்சுக் கட்டினவங்களும், டீசல் குழாயை மூடி அதுமேல தலைமுடி ரப்பர் பேண்டு போட்டவங்களும் யாருன்னு நான் கேக்கல — வண்டியை நான் ஓட வைக்கணுமா, இல்ல இப்படியே விட்டுட்டுப் போகணுமான்னு, மூணு பேரும் பேசி ஒரு பதிலாச் சொல்லுங்க."