மிதவையும் நான்கு உதிரி பாகங்களும்

ஒரு காட்டில் கடலும் இருந்தது. அது பொங்கும் நாளை முன்கூட்டியே அறிய, சிங்க அரசாங்கம் அலையை அளக்கும் மிதவை ஒன்றைக் கொடுத்தது. மஞ்சள் நிறம், உச்சியில் சிவப்பு விளக்கு. பொறுப்பாளர் ஆமை.

கரை மணலில் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்தது. கூடு கட்டும் வழக்கம் அதன் குலத்திலேயே கிடையாது. ஆபத்து வந்தால் கத்தும், அவ்வளவுதான். மிதவை வந்த பிறகு அதற்கும் தடை. அரசாங்கக் கருவி இருக்கும்போது தனியார் கத்தக் கூடாதாம்.

ஒருநாள் காற்று திரும்பியது. ஆமை பதறிப்போய், யானையை வைத்து மிதவையைக் கரைக்கு இழுத்தது. குன்றில் ஏற்றுவதற்காகத் தார்ப்பாய் சுற்றியது.

"ஐயா, இப்பத்தானே அது தண்ணியில இருக்கணும்?" என்றது குருவி.

"நல்லாச் சொன்னே! அலையடிச்சுக் கீறல் விழுந்தா யாரும்மா பதில் சொல்றது? போன ரெண்டு புயல்லயும் இப்படித்தான் காப்பாத்தினேன்."

தார்ப்பாய்க்குள்ளிருந்து மிதவை அறிக்கை அனுப்பியது: அலை உயரம் பூஜ்யம்.

சாமான் சுமக்க வந்திருந்த கூழைக்கடாப் பறவையிடம் ஓடியது குருவி. "அண்ணே, உங்க வாய்ப்பையில என் முட்டைங்களையும் குன்றுக்குக் கொண்டுபோயிடுங்க."

"பூஜ்யம்னு வந்திருக்கே தாயி. எச்சரிக்கை வந்தாத்தான் உயிர்களை ஏத்தலாம். இப்ப மிதவைச் சாமானுக்கு மட்டும்தான் உத்தரவு."

அலை முட்டைகளுக்குப் பத்தடி தூரத்தில் வந்து திரும்பியது. குருவி கத்தவில்லை. யோசித்தது. மறுபடி ஆமையிடம் போனது.

"ஐயா, மிதவைக்கு உதிரி பாகம் எத்தனை?"

ஆமையின் தலை ஓட்டுக்குள் போனது. "பட்டியல்ல நாலு. நான் கண்ணால பார்த்ததில்லை. தணிக்கைக்கு நரி வேற வரப்போகுது. ஏன் கேக்கறே?"

"அந்தா, மணல்ல கிடக்கே. ஒரே அளவுல, புள்ளி போட்டு."

ஆமை உற்றுப் பார்த்தது. பிறகு, உற்றுப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டது.

"டேய் கூழைக்கடா! உதிரி பாகம்டா! பதமாத் தூக்குடா!"

அன்று கடல் கரையை முழுதாக எடுத்துக்கொண்டது. பூஜ்யத்தை நம்பி வளையில் இருந்த நண்டுகளைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. குன்றில், மிதவையின் தார்ப்பாய்க்கடியில், உதிரி பாகங்களில் தூசி படாமல் குருவி மேலே உட்கார்ந்துகொண்டது.

மூன்று புயலிலும் கீறல் விழாத மிதவைக்காக ஆமைக்குச் சால்வை போர்த்தினார்கள். தணிக்கைக்கு வந்த நரி தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து எழுதியது: "உதிரி பாகங்கள் நான்கும் நல்ல நிலையில் உள்ளன. நான்கும் கத்துகின்றன. அரசாங்கச் சொத்து என்பதால் ஆட்சேபணை இல்லை."

நீதி: அரசாங்கம் உன்னைக் காப்பாற்ற வேண்டுமென்றால் உயிராக இருக்காதே, உதிரி பாகமாக இரு.