ஒரு சாவுக்கு மூன்று பெட்டி

வல்லத்தில் செத்தது ஒரே ஒரு கிழவர். அந்த வீட்டு வாசலில் போய் இறங்கியது மூன்று ஃப்ரீசர் பெட்டிகள்.

இந்தச் செய்தி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தபோது பூங்குழலி செஞ்சியில் தன் வீட்டு மாடி அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். போனில் பேசியவர் அரங்கநாதன். சாவு வீட்டுக்கு வேண்டிய பெட்டி, பந்தல், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து கொடுக்கிற கடை ஒன்று திருவண்ணாமலை ரோட்டில் அவருக்கு இருந்தது. ஆனால் அவர் அங்கே உட்காருவதில்லை. பெட்டிகளைப் பார்த்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பகல் முழுக்கத் தன் கடலை எண்ணெய் மில்லில் இருந்துகொண்டு, கடையில் என்ன நடக்கிறது என்பதைப் பூங்குழலி செய்து கொடுத்த வெப்சைட்டில் பார்த்துக்கொள்வார்.

"இன்னாம்மா இது, ஒரு ஆளுக்கு மூணு பெட்டி போயிருக்குது. செத்தவரோட தம்பி, இன்னும் ரெண்டு பேரு யாருன்னு கேட்டுட்டு மயக்கம் போட்டு வுழுந்துட்டாராம்."

பூங்குழலி பதிவுகளைத் திறந்து பார்த்தாள். வல்லம், அதே தெரு, அதே வீடு. நான்கு ஐம்பதுக்கு ஒன்று, நான்கு ஐம்பத்தொன்றுக்கு ஒன்று, நான்கு ஐம்பத்திரண்டுக்கு ஒன்று. இது தன் கைவரிசைதான் என்று நினைத்தாள்.

ஏனென்றால் போன வாரம்தான் அவள் அந்த வெப்சைட்டில் கை வைத்திருந்தாள். அதுவரை கடையில் வேலை பார்க்கும் கமலாம்பாள் ஒரு விவரத்தை அடித்துவிட்டு 'சேமி' என்பதை அழுத்தினால், பக்கம் முழுக்க வெள்ளையாகப் போய், பழைய போஸ்டர் படங்களை எல்லாம் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு, அரை நிமிஷம் கழித்துத்தான் திரும்பி வரும். கமலாம்பாள் தினமும் புலம்புகிறாள் என்று அரங்கநாதன் சொன்னார். சாவு வீட்டுக்காரன் லைனில் அழுதுகொண்டு நிற்க, இவள் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தர்மமா என்றும் கேட்டார்.

அதற்கு வைத்தியம் உண்டு. பக்கம் அசையாமல் அப்படியே நிற்க, அடித்த விவரம் மட்டும் பின்கட்டு வழியாகப் போய், பதிலை வாங்கிக்கொண்டு வந்துவிடும். சொல்வதற்கு இரண்டு வரி. செய்யப்போனால், அவள் எந்த ஃப்ரேம்வொர்க்கை வைத்து வெப்சைட்டைக் கட்டியிருந்தாளோ அதுவே குறுக்கே நின்றது. வருகிற ஒவ்வொரு விவரத்திலும், நம் பக்கத்திலிருந்து வந்ததுதான் என்று காட்டும் ரகசிய முத்திரை இருக்கிறதா என்று அது பார்க்கும். பின்கட்டு வழியாக வந்ததில் முத்திரை இல்லையென்று மூன்று நாள் திருப்பித் திருப்பி அனுப்பியது. நான்காவது நாள் ஒருவழியாக முத்திரையையும் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினாள். 'சேமி' அழுத்தினால் கண் இமைப்பதற்குள் வேலை முடிந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பூங்குழலி சிரித்தாள்.

எட்டு மாதக் கணக்கு என்னவென்றால், சென்னையில் அவள் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு நாள் ஏதோ பழுதாகி எல்லாம் நின்றுபோனது. யாருடைய தப்பு என்று மேனேஜர் கேட்டார். அறையில் பதினோரு பேர் இருந்தார்கள். தன்னுடையதாக இருக்கலாம் என்று முதலில் சொன்னவள் பூங்குழலி. மற்ற பத்துப் பேரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். மறு மாதம் அவள் செஞ்சி பஸ்ஸில் இருந்தாள்.

இப்போது இந்த அரங்கநாதன் வேலை ஒன்றுதான் கையில் இருந்தது. இது ஒழுங்காக ஓடினால், திருவண்ணாமலையிலும் திண்டிவனத்திலும் இதே தொழிலைச் செய்யும் அவருடைய மச்சினர்கள் இருவரும் தங்களுக்கும் செய்யச் சொல்வதாகப் பேச்சு. ஓடாவிட்டால் நைனா பார்த்து வைத்திருக்கிற நர்சரி பள்ளி ஆபீஸ் வேலை. ஃபீஸ் ரசீது எழுத வேண்டும், மணி அடிக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கெடு வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் படித்த பெண் மணி அடிக்கப் போவதா என்று அம்மா கேட்டதற்கு, மணியாவது அடித்தால் அடித்ததுதான், யாரும் வந்து தப்பாக அடித்தாய் என்று சொல்லமாட்டார்கள் என்றார் நைனா. பூங்குழலிக்கும் அது நியாயமாகவே பட்டது.

வல்லத்துக் காரணம் அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. பழைய பக்கத்தில் வெள்ளையாகப் போவதுதான் அடையாளம். இப்போது எதுவும் ஆகாதது போலத் தெரிவதால், கமலாம்பாள் வேலை நடக்கவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி அழுத்தியிருக்கிறாள். அழுத்தலுக்கு ஒரு பெட்டி. பெட்டி போனது பகலில், பதிவு வந்தது சாயங்காலம் என்பது கொஞ்சம் இடித்தது. நடுவில் நெட் கிடைக்காமல் சிக்கிக் கிடந்து, கிடைத்ததும் மொத்தமாகக் கொட்டியிருக்கும் என்று அதற்கும் தன் தலையிலேயே ஒரு காரணத்தை ஏற்றிக்கொண்டாள்.

கமலாம்பாளிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத்தான் போன் செய்தாள். எடுத்த எடுப்பில், "சொல்லுங்க, உயிர் எப்ப போச்சு?" என்றது அந்தப் பக்கம். பூங்குழலி பதறி வைத்துவிட்டாள். இன்னொரு முறை செய்தபோது, "அழுவாம சொல்லுங்க, யாரு தவறிட்டாங்க?" என்றது. அதற்குப் பிறகு செய்யவில்லை. நேரில் போகலாம் என்றால் கடை நிறையப் பெட்டிகள்.

ஆகவே வீட்டிலிருந்தபடியே மருந்து போட்டாள். ஒரு தடவை அழுத்தினால் பட்டன் பூட்டிக்கொள்ளும். பதில் வந்த பிறகுதான் திறக்கும். இனி யார் நினைத்தாலும் ஒரு சாவுக்கு ஒரு பெட்டிதான்.

புதன்கிழமை சீயமங்கலத்துக்குப் பெட்டியே போகவில்லை.

காலையில் போன் வந்ததாகவும், உடனே அனுப்புகிறோம் என்று கடையில் சொன்னதாகவும், பெட்டி மட்டும் போய்ச் சேரவில்லை என்றும் யாரோ மில்லுக்கு வந்து அரங்கநாதனிடம் சொல்லியிருந்தார்கள். வெப்சைட்டில் அப்படி ஒரு பதிவே இல்லை. இருக்காது என்று பூங்குழலிக்குத் தெரியும். பட்டன் பூட்டிக்கொண்ட நேரம் பார்த்து நெட் போயிருக்கும். பதில் வராததால் பூட்டு திறக்கவில்லை. விவரம் காற்றோடு போய்விட்டது. அங்கே ஒரு மனிதர் சித்திரை வெயிலில் பெட்டி இல்லாமல் கிடந்திருப்பார் என்று நினைத்தபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மத்தியானம் சாப்பிடவில்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். சங்கை ஊதினவர்கள் பொதுவாக அத்தோடு நிறுத்துவதும் இல்லை. பட்டன் இருப்பதால்தானே பூட்டும் சிக்கலும் என்று பூங்குழலி பட்டனையே எடுத்துவிட்டாள். பெயரை அடித்தால் பெயர் தானாகவே பின்னால் போய்ச் சேர்ந்துவிடும். ஊரை அடித்தால் ஊர் போய்ச் சேரும். யாரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை. வியாழக்கிழமை மத்தியானம் இதை ஏற்றிவிட்டு, கற்பூரம் ஒன்று கொளுத்திக் கும்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் விநாயகம் செத்துப்போனார்.

பேரூராட்சித் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். பஸ் ஸ்டாண்டு சுவர், மார்க்கெட் சுவர், பள்ளிக்கூடத்துச் சுவர் எங்கும் கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்துக்குக் கீழே கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். மேல்மலையனூர்ப் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, மார்க்கெட்டிலேயே ரோஜா மாலை வாங்கிக்கொண்டு அழுதபடி வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தது விநாயகம். கையில் இட்லி. வந்தவர் பயத்தில் மாலையை அவர் கழுத்திலேயே போட்டுவிட்டு ஓடினார். விநாயகத்தின் பெண்டாட்டி இன்னும் அழுகையை நிறுத்தவில்லை என்று கேள்வி.

செத்தது விநாயகத்தின் மாமியார். பூங்குழலி பதிவைத் திறந்தாள். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் 'விநாயகம்' என்றே இருந்தது. அவளுக்குத் தெரியும். தனித்தனியாக அனுப்பினால் முன்னால் போனது பின்னால் வரும், பின்னால் போனது முன்னால் வரும். சொன்னவர் பெயரும் செத்தவர் பெயரும் வழியில் இடம் மாறிவிட்டன. உயிரோடு இருக்கிற மனிதனை அவள் கொன்றுவிட்டாள்.

அரங்கநாதன் போனில் கோபப்படக்கூட இல்லை. அதுதான் அவளை உடைத்தது. "எனக்கு இந்த டென்ஷன் ஒத்துக்காதும்மா. நாளைக்கு மூணு மணிக்குக் கடைக்கு வரேன். நீயும் வந்துடு, பேசி முடிச்சுக்கலாம்" என்றார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது பள்ளிக்கூட வேலைக்குச் சரி என்று நைனாவிடம் சொன்னாள். அவர் தட்டிலிருந்து நிமிராமல், திங்கட்கிழமை நாள் நன்றாக இருக்கிறது என்றார். தன் கையில் எதுவும் உருப்படாது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் துக்கம்கூடக் குறைந்தது போலிருந்தது. மாடிக்குப் போய் லேப்டாப்பைத் துடைத்து, அது வந்த அட்டைப் பெட்டியிலேயே வைத்து மூடினாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு முன்னாலேயே கடைக்குப் போனாள். அரங்கநாதன் வருவதற்குள் கமலாம்பாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். பெட்டிகள் சுவரோரமாக வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றின் மேல் டிபன் பாக்ஸை வைத்துக் கமலாம்பாள் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயது, நெற்றி நிறையக் குங்குமம்.

"வா பாப்பா, குந்து. பயப்படாத, காலிப் பெட்டிதான்."

பூங்குழலி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். வல்லத்துக்கு மூன்று பெட்டி போனது தன்னால்தான் என்றாள்.

"உன்னாலயா? அந்த வூட்ல மூணு புள்ளைங்க. மூணு பேருக்கும் பேச்சுவார்த்தை கெடயாது. அப்பன் செத்ததுக்கு ஒவ்வொருத்தனும் தனித்தனியா போன் பண்ணிப் பெட்டி கேட்டான். ஒரே வூட்ல மூணு சாவு போலன்னு நான் அனுப்பிட்டேன்."

பூங்குழலி தலையை ஆட்டினாள். நல்ல மனசு, தன்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று தோன்றியது. சீயமங்கலத்தைச் சொன்னாள்.

"அந்தாளு எங்க செத்தாரு? பெட்டி கெளம்பற நேரத்துல கண்ண முழிச்சுட்டாரு. வேணாம், காபி கேக்கறாருன்னு அவங்களே சொல்லிட்டாங்க."

"அப்ப விநாயகம்?"

"அவருக்கு அவரு போட்டோ பெருசா வேணுமாம், எலக்சன் வருதில்ல. மாமியார ஸ்டாம்பு சைஸ்ல மூலைல போடச் சொன்னாரு. பேரும் அவரு பேருதான் மொதல்ல வரணும்னாரு. சொன்ன மாதிரியே போட்டேன்."

ஒருத்தி மேல் இவ்வளவு இரக்கம் காட்டி மூன்று பொய்யா என்று பூங்குழலி நினைத்தாள். இனிமேல் யாரும் தனக்காகப் பொய் சொல்ல வேண்டாம், பழைய பக்கத்தையே திருப்பிப் போட்டுவிட்டுப் போகிறேன் என்றாள்.

கமலாம்பாள் முதல்முறையாகப் பதறினாள். பழசு வேண்டவே வேண்டாம், புதுசு வந்ததிலிருந்துதான் அஞ்சரை பஸ்ஸைத் தவறவிடாமல் பிடிக்கிறேன், ஓனரிடம் நானே பேசுகிறேன் என்றாள். பூங்குழலி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது போன் அடித்தது.

கமலாம்பாள் கையைக் கழுவாமலேயே இடது கையால் எடுத்தாள். உம் கொட்டிக்கொண்டே, காலால் ஸ்டூலுக்கு அடியிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை இழுத்து முழங்காலில் வைத்தாள். அதில் நூல் கட்டித் தொங்கிய பென்சிலை எடுத்து இரண்டு வரி கிறுக்கினாள். போனை வைத்துவிட்டு வாசல் பக்கம் பார்த்து, "தங்கராஜு, மேல்சித்தாமூரு, தண்ணி டேங்கு பக்கத்து வூடு, ஒரு பெட்டி" என்று குரல் கொடுத்தாள். டிரைவர் தங்கராஜ் பெட்டியை வண்டியில் ஏற்றினான். வண்டி கிளம்பிவிட்டது. மேஜை மேல் கம்ப்யூட்டர் ஒரு பழைய துண்டு போர்த்தியபடி இருந்தது.

பூங்குழலி நோட்டைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். "அக்கா, இத கம்ப்யூட்டர்ல போடலியா?"

"அதுலயா? பொணம் எடுத்து எல்லாம் முடிஞ்ச அப்பால, ஓனரு மில்லுல குந்திப் பாக்கறாரேன்னு சாயங்காலம் நோட்டப் பாத்து மொத்தமா அடிச்சு வெப்பேன்" என்ற கமலாம்பாள் மிச்சப் புளிசாதத்தை வழித்தாள். "மத்தபடி அதப் பாத்து இதுவரைக்கும் ஒரு பெட்டிகூட இந்த வாசல வுட்டுப் போனதில்ல பாப்பா."