பூமி சக்திக் காப்பு

புவியீர்ப்பையே கட்டிப்போடும் மகான் மர்பி டவுனுக்கு வந்திருக்கிறார் என்றால் சும்மாவா? காலை எட்டு மணிக்கே சமுதாயக் கூடத்து வாசலில் செருப்பு மலையாகக் குவிந்துவிட்டது. பெயர் ப்ரஹ்லாத்ஜி. சரக்கு, தாமிரக் காப்பு. விலை மூவாயிரம், போனிலேயே அனுப்பலாம். மகான் என்றால் காலத்தோடு போகவேண்டாமா?

வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடும் உத்தமன் வேலையை விட்டு அங்கே வந்ததற்கு ஒரே காரணம், அவன் மனைவி அம்புஜம். சர்க்கரை நானூறைத் தாண்டிய பொம்பளை, நாலு நாளாக மாத்திரையைத் தொடவில்லை. தலை சுற்றுகிறது, கண் மங்குகிறது. அதெல்லாம் கெட்ட சக்தி வெளியேறும் அடையாளமாம்!

"காப்பு போட்டா மாத்திரையே வேணாம்னு குருஜி போன வாரமே வீடியோல சொல்லிட்டாருங்க," என்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். உத்தமன் அவள் மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றான்.

மேடையில் பெர்னதெத் டீச்சர், ஒற்றைக் காலில், கைகளை இரண்டு பக்கமும் நீட்டி நின்றார். குருஜி இரண்டே விரலால் கையை அமுக்கினார். டீச்சர் சாய்ந்தார். காப்பை மாட்டி மறுபடி அமுக்கினார். அசையவில்லை. கூடமே கைதட்டியது. எட்டாம் வகுப்புக்கு விசையும் இயக்கமும் நடத்துகிற டீச்சரும் சேர்ந்து தட்டினார்.

உத்தமன் தட்டவில்லை. இருபது வருஷமாக சிலிண்டரைச் சாய்த்து உருட்டுகிறவன், குருஜியின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் தடவை அமுக்கல் உடம்பை விட்டு வெளிப்பக்கம் போனது. இரண்டாம் தடவை உடம்பை நோக்கி உள்பக்கம் வந்தது.

"குருஜி, ஒந்து நிமிஷ," என்று கன்னடத்தில் நிறுத்தினான். "நான் அமுக்கிப் பார்க்கட்டுமா?"

"உனக்கு தீட்சை இல்லையேப்பா."

"சக்தி காப்புலதானே இருக்கு? அமுக்குறவன் யாரா இருந்தா என்ன?"

கூட்டம் குருஜியைப் பார்த்தது. உத்தமன் மேடையேறி, காப்போடு நின்ற டீச்சரின் கையை வெளிப்பக்கமாக அமுக்கினான். டீச்சர் சாய்ந்தார். காப்பைக் கழற்றி உள்பக்கமாக அமுக்கினான். அம்மாடி, தூண் மாதிரி நின்றார்!

"இப்ப நீங்க ஒத்தக் கால்ல நில்லுங்க. ஆறு காப்பு போட்டுக்குங்க."

ஆறு காப்போடும் குருஜி ஒரே அமுக்கலில் தன் காப்புப் பெட்டிமேல் போய் விழுந்தார்.

"எந்தப் பக்கம் தள்ளுறோம்ங்கறதுதான் சங்கதி. சிலிண்டருக்கே தெரியும்," என்ற உத்தமன், கீழே இறங்கி மாத்திரை அட்டையை நீட்டினான். அம்புஜம் தலைகுனிந்தபடி தண்ணீர் கேட்டாள். "முழுங்கிட்டு வா, டாக்டர்கிட்ட போலாம்," என்றான்.

ஐ.டி.யில் வேலை பார்க்கும் அஷ்வத் பின்னாலேயே ஓடிவந்தான். "அண்ணா, உங்க விரல்ல என்னமோ சக்தி இருக்கு! தீட்சை யார்கிட்ட வாங்கினீங்க?"

உத்தமன் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"கழுத்துக்கு மேல ஒண்ணு வெச்சிருக்கியே தம்பி, அதைக் கொஞ்சம் தள்ளிப் பாரு. நகருதான்னு பார்ப்போம்."